முக்காலிக்குச் சூட்டாத கிளை

லின்ஸ்,
11 ஜனவரி 1987

தங்கை புர்கலுக்கு,

நான்கு முறை தொலைபேசியில் கூப்பிட்டேன். மூன்று முறை எடுத்த கையோடு வைத்துவிட்டாய். நான்காவது முறை டீனா குரைத்தது மட்டும் கேட்டது. நாயாவது நன்றாக இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன். கடிதத்தை எடுத்த கையோடு வைத்தாலும் அது மேசையில் கிடக்கும், என்றாவது படிப்பாய். அதனால் எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். ஆகஸ்டில் வேட்டைப் பருவம் தொடங்குகிறது. துப்பாக்கியை எதன்மேல் வைத்துச் சுடுவது என்பதை இப்போதே முடிவு செய்துவிட வேண்டும். தொழிற்சாலையில் என் கடைசல் பிரிவுப் பையன்களை வைத்து முக்காலியின் இரண்டாவது மாதிரியைச் செய்துவிட்டேன். மூன்று அலுமினியக் கால், ஒன்றுக்குள் ஒன்று நுழையும், மடித்தால் முழங்கை நீளம். மேலே துப்பாக்கியை வைக்கும் கவட்டை பழையதேதான். புதியது என்னவென்றால் கால் நுனியில் எஃகு ஆணி. இனி யாரும் குனிந்து உட்கார்ந்து காலைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

குத்திக் காட்டுவதாக நினைக்காதே. நடந்ததை நடந்தபடி சொல்வது என் தொழில். அக்டோபர் பதினெட்டு, சனிக்கிழமை, பள்ளத்துக்கு அப்பால் நூற்றெழுபது மீட்டரில் ஏழு வயது வரையாட்டுக் கடா. நான் சுட்டேன். அடித்துப் போட்டதுபோல் விழுந்தது. நான் எழுந்து தொப்பியைத் தூக்கினேன். விழுந்தது எழுந்து ஓடிவிட்டது. மூன்றாவது கால் உன் கையில் இருந்தது, அது சரளையில் நகர்ந்தது. அன்றும் இதைத்தான் சொன்னேன், இன்றும் இதைத்தான் சொல்கிறேன். அதற்காக மூன்று மாதம் பேசாமல் இருக்கும் அளவுக்கு நான் உன்னை ஒன்றும் திட்டவில்லை.

நான் ஊர் திரும்பிய மறுநாள் நீயும் டீனாவும் கடாவைக் கண்டுபிடித்துவிட்டதாக உன் தலைமைக் காவலர் ஸாவர் ஒரு வரி எழுதியிருந்தார். சந்தோஷம். கொம்பு முறைப்படி என் சுவருக்கு வரவேண்டியது. அனுப்பி வை.

இரண்டாவது மாதிரியின் படத்தை வைத்திருக்கிறேன். எட்டு வருடமாக மலையில் வேட்டைக்காவல் பார்க்கிறவள் என்ற முறையில் உன் கருத்தைச் சொல்.

அண்ணன்
கயேத்தான்


ஹின்டர்கார்,
25 ஜனவரி 1987

அண்ணா,

கடா எவ்வளவு நேரம் வலியோடு கிடந்தது என்று ஒரு வரி கேட்டிருப்பாய் என்று இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். ஆணி நுனிக்கே பக்கம் தீர்ந்துவிட்டது போலிருக்கிறது.

கொம்பு கிளாம்மர் ஐயாவின் அலுவலறையில் இருக்கிறது. வேட்டைக்காடு அவருடைய குத்தகையில் இருக்கிறது, கொம்பும் அவர் சொல்லும் வரை அங்கேதான். ஏன் அங்கே இருக்கிறது என்று நீ கேட்கமாட்டாய், நானே சொல்கிறேன்.

ஸாவருக்கு முழங்கால் போய்விட்டது, ஓய்வு பெறுகிறார். அவருக்குப் பிறகு தலைமைக் காவல் எனக்கு என்று ஸாவரே நினைத்திருந்தார், ஊரும் நினைத்தது, நானும்தான் நினைத்தேன். இந்தப் பள்ளத்தாக்கில் ஒரு பெண்ணிடம் காட்டுச் சாவியைக் கொடுத்ததில்லை. வேட்டைக்காரர்களின் காவலரான புனித ஹூபர்ட்டஸ் திருநாளன்று கோயில் பூசை முடிந்ததும் அறிவிப்பதாக இருந்தது. பூசை முடிந்தது. விடுதியில் எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். கிளாம்மர் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "முக்காலியோட ஒரு காலப் பிடிச்சுக்கத் தெரியல. ஐயாயிரம் ஏக்கர் காட்ட எப்படிம்மா பிடிச்சுக்குவே?"

சிரித்தார்கள். நான், "கை என்னோடதுதாங்க ஐயா, நகர்ந்துச்சு"ன்னு சொன்னேன். இன்னும் சிரித்தார்கள். முடிவை ஒரு வருடம் தள்ளிப் போட்டிருக்கிறார். வருகிற நவம்பரில் எனக்கு, இல்லையென்றால் வெளியூரிலிருந்து யாரோ ஒருவனுக்கு. ஸாவர் அதுவரை முழங்காலைக் கட்டிக்கொண்டு ஓட்டுகிறார்.

உன்னிடம் எதுவும் கேட்பதற்காக இதை எழுதவில்லை. கொம்பு ஏன் வரவில்லை என்பதற்காக எழுதுகிறேன்.

முக்காலியைப் பற்றிக் கருத்துக் கேட்டாய். இங்கே பால் கறக்க உட்காரும் மணைக்குக்கூட ஒரே கால்தான், பார்த்திருக்கிறாய். சரிவில் மூன்று கால் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது, மூன்று மருமகள் மாதிரி. எனக்கு ஒரு ஹேசல் மரக் கம்பு போதும். நடக்கவும் அதுதான், ஓடையைத் தாண்டவும் அதுதான், பனியைக் குத்திப் பார்க்கவும் அதுதான். சுடும்போது மேட்டுப் பக்கமாக ஊன்றி இடது கையால் கம்பைப் பிடிப்பேன், துப்பாக்கியின் முன்கட்டை என் கைமேல் உட்காரும். கைமேல். கம்பின்மேல் இல்லை. எனக்குப் பதினாறு வயதில் இதைச் சொன்னதே நீதான்.

ஆணி பாறையில் பட்டால் மணி அடித்த மாதிரி கேட்கும். வரையாட்டுக்குக் காது உண்டு.

புர்கல்


லின்ஸ்,
8 பிப்ரவரி 1987

தங்கை புர்கலுக்கு,

பழியை ஏற்றுக்கொள் என்று நான் உன்னிடம் சொல்லவில்லை. கை நகர்ந்தது என்று நான் சொன்னது நம் இருவருக்குள், ரயிலேறும் முன் ஸாவரிடமும் ஒரு வார்த்தை, அவ்வளவுதான். அதை விடுதியில் போய் ஒப்புக்கொண்டது நீ. இப்போது அந்தச் சிரிப்புக்கும் நானே பொறுப்பு என்பதுபோல் எழுதுகிறாய். கிளாம்மர் மர அறுவை ஆலை முதலாளி. அவருக்குப் பலகையைத் தெரியும், ஆளைத் தெரியாது. அவர் சொன்னதை மனதில் வைத்துக்கொள்ளாதே.

முக்காலியை எல்லாரும் உன்னைப் போல் பார்ப்பதில்லை. இன்ஸ்ப்ருக்கில் துப்பாக்கிக் கடை வைத்திருக்கும் ஒருவர் முப்பது முக்காலி கேட்டிருக்கிறார். "ஹின்டர்கார் மலையில் சோதித்தது" என்று சீட்டு ஒட்டலாமா என்று கேட்டார். ஒட்டலாம் என்று சொல்லியிருக்கிறேன். நாற்பத்தாறு வயதில் என் கையால் செய்த ஒன்றை இன்னொருவன் கடை அலமாரியில் வைக்கப் போகிறான். இதில் எனக்குப் பெருமை இல்லை என்று சொன்னால் பொய்.

ஆனால் சீட்டு ஒட்டுவதற்கு முன் கணக்கு சரியாக இருக்க வேண்டும். எனவே பொறியாளனாக ஒரு கேள்வி. கால் சரளையில் நகர்ந்தால் கவட்டை கீழே இறங்கும். கவட்டை இறங்கினால் குழலும் இறங்கும், குண்டு குறிக்குக் கீழே போகும். வயிற்றிலோ முன்னங்காலிலோ பட்டிருக்க வேண்டும். எங்கே பட்டிருந்தது என்று நீ இதுவரை சொல்லவே இல்லை. அளவோடு எழுது. விட்டுப்போன அந்த ஒன்றுதான் வேண்டும், அது கிடைத்தால் கால் எத்தனை சென்டிமீட்டர் நகர்ந்தது என்று நானே கண்டுபிடித்துவிடுவேன்.

கயேத்தான்


ஹின்டர்கார்,
1 மார்ச் 1987

அண்ணா,

அளவோடு எழுதச் சொன்னாய், எழுதுகிறேன். ஆரம்பத்திலிருந்து எழுதுகிறேன், ஏனென்றால் நீ பாதியில் ரயிலேறிவிட்டாய்.

சனிக்கிழமை அது விழுந்ததும் நான் உன் கையைத் தட்டி, "அடுத்த குண்டப் போடு, எழுந்திருக்கும்"னு சொன்னேன். நீ தொப்பியைத் தூக்கிக்கொண்டிருந்தாய். அடித்துப் போட்டதுபோல் விழுகிற விலங்கை நம்பாதே என்பது இங்கே ஆடு மேய்க்கிறவனுக்கும் தெரியும். அன்று ஐந்து மணிக்கு இருட்டி மழை பிடித்துக்கொண்டது. ஞாயிறு காலை முழுக்கத் தேடினோம். இரண்டு மணிக்கு நீ கடிகாரத்தைப் பார்த்து, "திங்கக்கெழம ஷிப்ட் இருக்கு புர்கல், நீ பாத்துக்க"ன்னு சொன்னாய். பார்த்துக்கொண்டேன்.

திங்கள் விடிந்ததும் டீனாவை நீளக் கயிற்றில் விட்டேன். ரத்தம் மழையில் போய்விட்டது. அவள் மூக்கைத் தரையிலிருந்து எடுக்காமல் நான்கு மணி நேரம் இழுத்துக்கொண்டு போனாள். ஓடையில் தடம் அறுந்தது, எதிர்க்கரையில் தானே பிடித்தாள். குட்டைப் பைன் புதருக்குள் கடா உட்கார்ந்திருந்தது. எங்களைப் பார்த்து முன்னங்கால்களில் எழுந்தது. பின்னங்கால்கள் அதற்குள் விறைத்துப்போய் வரவில்லை. அப்படி இரண்டு இரவு மழையில் இருந்திருக்கிறது. நான் முடித்து வைத்தேன்.

பிறகு முறைப்படி அதன் வாயில் கடைசிக் கவளமாகத் தழையை வைத்தேன். பைன் கிளை ஒன்றை ஒடித்து ரத்தத்தில் தொட்டேன். தொட்ட பிறகுதான் யோசித்தேன், இதை யாருக்குக் கொடுப்பது என்று. கிளை சுட்டவன் தொப்பிக்குப் போகவேண்டியது. கூட்டிவந்தவள் கொடுக்க வேண்டும், சுட்டவன் வாங்கி, அதில் ஒரு துண்டை ஒடித்து, தேடிப் பிடித்தவளுக்குத் திருப்பித் தர வேண்டும், அவள் அதில் ஒன்றை நாயின் கழுத்துப்பட்டையில் செருக வேண்டும். சுட்டவன் லின்ஸில் ஷிப்ட்டில் இருந்தான். அதுகூடப் பரவாயில்லை. சுட்டது தானில்லை, முக்காலியின் மூன்றாவது கால்தான் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். கிளையை முக்காலிக்கா சூட்டுவது? கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு இறங்கி வந்தேன். அது இப்போது மேசை இழுப்பறையில் கிடக்கிறது.

குண்டு பட்ட இடம் கேட்டாய். முன்தோளுக்கு நேர் மேலே, முதுகெலும்பின் மேல்முனையை உடைத்துக்கொண்டு போயிருக்கிறது. நீ வைத்த குறிக்கு ஒரு சாணுக்கு மேல் உயரத்தில்.

மேலே, அண்ணா. கீழே இல்லை. கணக்குப் போட்டுக்கொள்.

புர்கல்


லின்ஸ்,
5 ஏப்ரல் 1987

தங்கை புர்கலுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே ஆற்றங்கரையில் பனி போய்விட்டது. கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கினார்கள். தொழிற்சாலையில் புதிய மேற்பார்வையாளர் வந்திருக்கிறார், வியன்னாக்காரர், காலை வணக்கம் சொன்னாலும் ஏதோ உத்தரவு மாதிரி இருக்கிறது.

போன சனிக்கிழமை சுடுதிடலுக்குப் போயிருந்தேன். காற்று இருந்தது.

ஈஸ்டருக்கு வர முடியாது. டீனாவுக்கு எலும்பு பிஸ்கட் தனியாக அனுப்புகிறேன்.

கயேத்தான்


ஹின்டர்கார்,
26 ஏப்ரல் 1987

அண்ணா,

பிஸ்கட் வந்தது. டீனா தின்றுவிட்டாள், அவளுக்கு உன்மேல் கோபமில்லை.

"காற்று இருந்தது." மூன்று பக்கத்துக்கு ஆணி நுனியைப் பற்றி எழுதுகிற ஆள் சுடுதிடலுக்குப் போய்விட்டு வந்து இரண்டு வார்த்தை எழுதினால், அங்கே என்ன பார்த்தாய் என்று எனக்குத் தெரியாதா? நீ சின்ன வயதில் ஜன்னலை உடைத்த அன்றும் சாப்பாட்டு மேசையில் வானிலையைப் பற்றித்தான் பேசினாய்.

சரி, நீ எழுத வேண்டாம். நான் எழுதுகிறேன். எனக்கும் எழுத வேண்டியது ஒன்று இருக்கிறது, ஆறு மாதமாகத் தொண்டையில் நிற்கிறது.

அன்று துப்பாக்கியின் முன்கட்டை உன் கவட்டைக்குள் இறங்கவில்லை. நீ இரண்டு தடவை அழுத்திப் பார்த்தாய். கடா நகரத் தொடங்கியது. துப்பாக்கியைப் பின்னால் இழுத்து, கட்டைக்குப் பதில் குழலையே கவட்டையில் வைத்தாய். இரும்புக் குழல் அலுமினியத்தில் உட்கார்ந்த சத்தம் எனக்குக் கேட்டது. வெறுங்குழலை எதன்மேலும் வைக்கக்கூடாது, வெடிக்கும்போது குழல் துள்ளும், குண்டு மேலே போகும். இது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நான் பார்த்தேன். பார்த்தும் சொல்லவில்லை. அந்த முக்காலியை நீ மலையடியிலிருந்து துணியில் சுற்றித் தூக்கி வந்தாய். "ஒருத்தர்கிட்டயும் இப்படி ஒண்ணு கெடையாது"ன்னு மூன்று தடவை சொன்னாய். நான் எட்டு வருடமாக விருந்தாளிகளை மலைக்குக் கூட்டிப் போகிறேன். நகரத்து வக்கீல்களையும் டாக்டர்களையும், "கைய எடுங்க, கட்டையத் தூக்குங்க"ன்னு அதட்டியிருக்கிறேன். உன்னை அதட்ட வாய் வரவில்லை. கிளாம்மர் கேட்டபோது கை என்னுடையது என்று சொன்னது உனக்காக என்று நினைத்துக்கொண்டிருந்தால், அது பாதிதான். கூட்டிப் போனவள் பார்த்தும் வாயை மூடிக்கொண்டிருந்தால் குண்டில் அவளுக்கும் பங்கு உண்டு. அந்தப் பங்கை நான் கட்டிக்கொண்டேன். உன் பங்கை நீ என்ன செய்கிறாய் என்பது உன் பாடு.

புர்கல்


லின்ஸ்,
13 செப்டம்பர் 1987

அன்புள்ள புர்கல்,

நாலரை மாதம் ஆகிவிட்டது. இந்தக் கடிதத்தை ஒன்பது முறை தொடங்கிக் கிழித்தேன்.

நான்கு சனிக்கிழமை சுடுதிடலுக்குப் போனேன். நூறு மீட்டர். குழலைக் கவட்டையில் வைத்து ஐந்து குண்டு, இடையில் கையைக் கொடுத்துக் கட்டையை வைத்து ஐந்து குண்டு. குழலை வைத்துச் சுட்டவை எல்லாம் மேலே போயின, ஒவ்வொரு வாரமும். நாலாவது வாரம் திடல்காரர் தாளை மாட்டிக்கொண்டே, "என்ன இன்ஜினியர் ஐயா, குண்டு மனச மாத்திக்கும்னு பாக்குறீங்களா?" என்றார். அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நூற்றெழுபது மீட்டருக்குக் கணக்கை நீட்டினால் நீ சொன்ன இடத்துக்கே வருகிறது. ஒரு சாணுக்குச் சற்று மேல்.

கட்டை ஏன் உள்ளே இறங்கவில்லை என்பதையும் கண்டுபிடித்துவிட்டேன். கவட்டையின் அகலத்தைப் போன வருடம் வசந்தத்தில் அளந்து செய்தேன். கோடையில் பிடி வழுக்காமல் இருக்க முன்கட்டையைச் சுற்றித் தோல் ஒட்டினேன். இரண்டு பக்கமும் சேர்த்து நாலு மில்லிமீட்டர் கூடியது. திரும்ப அளக்கவில்லை. தோல் ஒட்டியவனும் நான்தான், கவட்டை செய்தவனும் நான்தான். இருபது வருடமாகப் பயிற்சிப் பையன்களிடம், "ஒண்ண மாத்தினா எல்லாத்தயும் திரும்ப அள"ன்னு கத்துகிறவனும் நான்தான்.

இன்ஸ்ப்ருக் கடைக்காரருக்கு எழுதி முப்பதையும் நிறுத்திவிட்டேன். "மலையில் சோதித்தது" என்று ஒட்ட முடியாது, மலை இதை நிராகரித்துவிட்டது என்று எழுதினேன். அவர் நான் வேடிக்கை செய்கிறேன் என்று நினைத்துப் பதில் போட்டிருக்கிறார்.

கால் நகரவில்லை புர்கல். நகர்ந்திருந்தால் குண்டு கீழே போயிருக்கும். உன் கை அசையவே இல்லை என்பதற்கு அந்தக் கடாவின் முதுகுதான் சாட்சி. பத்து மாதமாக ஊர் சிரித்தது, நான் இங்கே உட்கார்ந்து ஆணி நுனி செய்துகொண்டிருந்தேன். வெட்கமாக இருக்கிறது.

நவம்பர் எட்டாம் தேதி பூசைக்கு வருகிறேன். எல்லாரும் இருக்கும்போது சொல்கிறேன். மறுநாள் மலைக்குக் கூட்டிப்போவாயா என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. கேட்டால், எதைக் கொண்டுவரட்டும் என்று மட்டும் சொல். இந்த முறை படம் எதுவும் வைக்கவில்லை, உண்மையாகத்தான் கேட்கிறேன்.

கயேத்தான்


ஹின்டர்கார்,
27 செப்டம்பர் 1987

அண்ணா,

வர வேண்டாம்.

இத்தனை பேர் முன்னால் அண்ணன்காரன் வந்து பரிந்து பேசி, அதனால் தங்கச்சிக்குச் சாவி கிடைத்தது என்று ஒரு பேச்சு வந்தால், நான் சாகிற வரைக்கும் ஒவ்வொரு விருந்தாளியும் அதைச் சொல்லித்தான் சிரிப்பான். எனக்கு அது வேண்டாம். எட்டு குளிர்காலம் நான் தீவனம் சுமந்த வழியில் கிளாம்மர் ஒரு நாள் நடந்து பார்த்தால் போதும். அதைப் பார்த்துக் கொடுக்கட்டும், இல்லாவிட்டால் வெளியூர்க்காரனுக்கே கொடுக்கட்டும்.

எதைக் கொண்டுவருவது என்று கேட்டாய். வருகிறாயோ இல்லையோ, கேட்டதற்குச் சொல்கிறேன்.

பாறை இருந்தால் முதுகுப்பையைப் பாறையில் போட்டுப் படுத்துக்கொள். அதைவிட நல்ல தாங்கி இன்னும் பிறக்கவில்லை. பை நிறைந்திருக்க வேண்டும், ரொட்டியைத் தின்று தீர்த்த பை தொங்கும். படுக்க இடமில்லையென்றால் உட்கார், முழங்கை முழங்காலுக்குள். நின்றுதான் ஆக வேண்டும் என்றால் கம்பு, கூட வருகிறவளின் கம்பையும் வாங்கிக் குறுக்கே பிடித்தால் இரண்டு கம்பு. மரத்தில் சாய்த்தால் இடையில் கையோ தொப்பியோ இருக்கட்டும். முக்காலி புல்வெளிக்கு நல்லது. இதைக் கிண்டலுக்குச் சொல்லவில்லை. சமதரையில், வயசானவர்களுக்கு, முழங்கால் மடங்காதவர்களுக்கு அதுதான் சரி. சரிவில் வேண்டாம். தாங்கியை நீ தேர்ந்தெடுக்க முடியாது அண்ணா. நிற்கிற இடம் தேர்ந்தெடுக்கும், நீ சரி என்று சொல்ல வேண்டும். அதற்குப் பெருமையைக் கீழேயே வைத்துவிட்டு ஏற வேண்டும், நம் இரண்டு பேருக்கும் அது வராது.

இன்னொன்று. இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோதே, ஜனவரி தேய்பிறையில் ஹேசல் கம்பு வெட்டப் போனேன். எனக்கு ஒன்று வெட்டினேன். பக்கத்தில் இன்னொன்று நேராக நின்றது, உன் புருவ உயரம். கோபத்தோடுதான் வெட்டினேன். கூரையடியில் காய்கிறது. ஒரு வருடம் காய வேண்டும்.

புர்கல்


ஹின்டர்கார்,
15 நவம்பர் 1987

அண்ணா,

வர வேண்டாம் என்று எழுதினால் வருகிற ஆள் நீ ஒருத்தன்தான்.

கோயில் வாசலில் கொம்பூதி முடித்ததும், கிளாம்மர் கையைத் தூக்கும் முன்பே நீ முன்னால் போய் நின்றதைப் பார்த்தபோது எனக்குத் தரையில் புதைந்துவிடலாம் போலிருந்தது. நீ பேசியது இரண்டு நிமிடம்கூட இருக்காது. "போன வருஷம் கால் நகரல. கவட்டைய தப்பா செஞ்சவன் நான், கொழலை அதுமேல வச்சவன் நான், சுட்டவன் நான். எந்தங்கச்சி கைமேல பழியப் போட்டவனும் நான். அவளுக்கு எதுவும் கேட்டு வரல, என்னோடத எடுத்துட்டுப் போக வந்தேன்." அவ்வளவுதான். தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு ரயிலுக்குப் போய்விட்டாய். பரிந்து பேச வந்தவன் சாப்பிட உட்காரக்கூடாது என்று நினைத்தாயோ என்னவோ. விடுதிக்காரி உனக்காக எடுத்துவைத்த கொழுக்கட்டையை டீனாதான் தின்றாள்.

நீ போன பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. கிளாம்மர் தாடையைச் சொறிந்தார். நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை. "நானும் பாத்தேங்க ஐயா. கொழல் கவட்டைல உக்காந்தத பாத்தேன், சொல்லல. விருந்தாளி அண்ணனா இருந்தாலும் அதட்டியிருக்கணும். அது என் தப்பு, அத யாரும் எடுத்துட்டுப் போக வேணாம்" என்றேன்.

கிளாம்மர் சிரிக்க ஆரம்பித்தார். "எல்லாரும் ஒரு குண்டு என்னுது இல்லன்னு சண்ட போடுவாங்க. நீங்க ரெண்டு பேரும் என்னுது என்னுதுன்னு அடிச்சுக்கிறீங்களே" என்றார். அப்போது ஸாவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, "கை நகர்ந்துச்சா இல்லியான்னு ஒரு வருஷமா பேசுறோம். மழையில தடம் போன கடாவ மூணாம் நாள் கண்டுபிடிச்சவ யாருன்னு ஒருத்தன் கேக்கல" என்றார். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

சாவியைக் கிளாம்மர் பையிலிருந்தே எடுத்தார். ஆக, முன்பே முடிவு செய்து கொண்டுவந்திருக்கிறார் கிழவர். உன்னாலா, என்னாலா, ஸாவராலா என்று நான் கேட்கவில்லை. "சாவியோட அந்தக் கொம்பையும் குடுங்க ஐயா" என்று மட்டும் கேட்டேன். கொம்பு என்னிடம் இருக்கிறது. தபாலில் வராது, வந்து வாங்கிக்கொள். பள்ளத்தாக்கில் எந்த வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தாலும் தெரிகிற மலைக்கு இப்போது நான் தலைமைக் காவல், அண்ணா. இதை எழுதும்போது முதுகு தானாக நிமிர்கிறது.

ஸாவருக்கு ஒரு முக்காலி வேண்டுமாம், புல்வெளி மறைவிடத்துக்கு. கவட்டையை அகலமாகச் செய், உள்ளே தோல் வை. ஹின்டர்காரில் சோதித்தது என்று நானே சீட்டு எழுதித் தருகிறேன், சோதித்த பிறகு.

உறைக்குள் காகிதத்தில் சுற்றி ஒன்று வைத்திருக்கிறேன். ஒரு வருடம் இழுப்பறையில் கிடந்தது, ஊசி இலை பாதி உதிர்ந்துவிட்டது, ரத்தம் கறுத்துவிட்டது. போன வருடம் கொடுக்க ஆளில்லை. போன ஞாயிறு கோயில் வாசலில், சுட்டவன் நான் என்று ஒருத்தன் சொன்னதைக் கேட்டேன்.

வேட்டைக்கு வாழ்த்து, அண்ணா.

புர்கல்


லின்ஸ்,
21 நவம்பர் 1987

அன்புள்ள புர்கல்,

வாழ்த்துக்கு நன்றி.

கிளை பத்திரமாக வந்தது. வியாழனன்று அதைத் தொப்பியின் வலப்பக்கம் செருகிக்கொண்டு தொழிற்சாலைக்குப் போனேன். வியன்னாக்காரர் வாசலில் நிறுத்தி, "என்ன இது, காஞ்ச குச்சி?" என்று கேட்டார். "எந்தங்கச்சி ஹின்டர்கார் தலைமைக் காவல். அவ குடுத்தது" என்றேன். நான் மாலைவரை தொப்பியைக் கழற்றவில்லை.

கம்பு காய்ந்ததும் எழுது. முதுகுப்பையில் நிறைய ரொட்டி வைத்துக்கொண்டு வருகிறேன், திரும்பும் ரயிலுக்கு மூன்று நாள் விட்டு.

கிளையை இரண்டாக ஒடித்தேன். அளக்கவில்லை, கண்ணால் பார்த்து ஒடித்தேன், பெரிய பாதி உறைக்குள் இருக்கிறது. அதில் ஒரு துண்டை ஒடித்து டீனாவின் கழுத்துப்பட்டையில் செருகிவிடு, அவள்தான் ஓடையைத் தாண்டியவள். மற்றது உன் தொப்பிக்கு.

சுட்டவன்,
கயேத்தான்